நானோ துகள் போட்டா எண்ணெய்-தண்ணி கலவை பம்ப்ல, பைப்ல ஓடும்போதும் பிரியாம இருக்குமா?

இருக்கும்ங்க, ஆனா துகள் போதுமான அளவு எண்ணெயும் தண்ணியும் தொடற எல்லைல ஏறி உக்காந்திருக்கோணும். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், கஞ்சிக்கோட்டுல லேத் மெஷினுக்கு ஊத்தற கூலன்ட் பண்ற கம்பெனி லேப்ல இருக்கேன், சோப்பு போட்ட எமல்ஷன், அதாவது எண்ணெய்-தண்ணி கலவைதான் தினசரி பொழப்பு, சிலிக்கா துகளும் போட்டுப் பாத்திருக்கோம்.

சோப்பு மூலக்கூறு எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவுல வரும் போகும். துகள் ஏறிருச்சுன்னா லேசுல இறங்காது. 10 நானோமீட்டர் ஆரம், தொடுகோணம் (அந்த எல்லை துகளைத் தொடற கோணம்) 90 டிகிரி, எல்லையோட இழுவிசை (பரப்பைச் சுருக்கப் பாக்கற விசை) மீட்டருக்கு 50 மில்லிநியூட்டன்னு வெச்சுக் கணக்குப் போட்டா, அதைப் பிடுங்கறதுக்கு வெப்ப அசைவு சக்தியைப் போல சுமார் 3,800 மடங்கு வேணும். ஆரம் 1 நானோமீட்டர்னா வெறும் 38 மடங்கு, ஏன்னா இது ஆரத்தோட வர்க்கத்துல போகுது. அதே 10 நானோமீட்டர் துகளுக்கு கோணம் 30 டிகிரியா இறங்குனா கிட்டத்தட்ட 70க்கு வந்துரும். அதனால சின்னதா இருந்தாப் போதும்னு வாங்கிராதீங்க, கோணத்தைத் தீர்மானிக்கற மேல்பூச்சு என்னன்னு கேளுங்க. துகள் எல்லைல உக்காந்து கலவையைப் பிரியாம வெக்கறது, ராம்ஸ்டன்ங்கற விஞ்ஞானி 1903லயும் பிக்கரிங்ங்கறவர் 1907லயும் எழுதுன சமாச்சாரம்தான், புதுசில்ல.

ஊசி முனைல ஒரு எண்ணெய்ச் சொட்டை சிலிக்கா தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, சிரிஞ்சைப் பின்னால இழுங்க. சொட்டு உருண்டையா சுருங்காது, ஊசிப் பக்கம் பால் ஆடை மாதிரி சுருக்கம் விழும். எனக்கு எத்தனை தடவை பாத்தாலும் சலிக்காத காட்சிங்க அது, துகள் நெருக்கி அடைச்சு தோல் கட்டிருச்சுன்னு கண்ணாலயே தெரியும்.

ஓட்டம் வந்தா என்னாகும்னா, சொட்டு நீளும், பரப்பு கூடும், துகள் எண்ணிக்கை அதேதான், அதனால நடுவுல வெறும் திட்டு திறக்கும், ரெண்டு சொட்டோட வெறும் திட்டு மோதுனா ஒண்ணாயிரும். ஒண்ணானதும் மொத்தப் பரப்பு குறையுது, துகள் நெருங்குது, ஒரு அளவு வந்ததும் சேர்றது தானா நின்னுரும். அதனாலதான் துகளை ரெட்டிப்பாக்குனா சொட்டு சைஸ் ஏறக்குறைய பாதியாகுது, மிக்ஸர் அந்த அளவுக்கு உடைக்க முடியறவரைக்கும். உடைக்கற வேலைல துகள் பெருசா உதவாது, இழுவிசையை சோப்பு மாதிரி இறக்காது, அதுக்கு மிக்ஸரோட பலம்தான் வேணும்.

பாட்டில்ல மாசக்கணக்கா நிக்கறதை நம்பி முடிவெடுக்காதீங்க. பம்ப்ல சுத்தவிட்டு, முன்னாடி பின்னாடி ரெண்டு சாம்பிளும் மைக்ராஸ்கோப்புல வெச்சு சொட்டு சைஸ் பாருங்க. பெருசாயிருந்தா பம்ப் வேகத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி துகளைக் கூட்டிப் பாருங்க.