வளைவில் வால் வீசும் டர்போ: சஸ்பென்ஷனை விடுங்கள், எஞ்சினைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஆட்டோமேஷன் என்ற கார் வடிவமைக்கும் கணினி விளையாட்டில் போட்டிக்காக நீங்கள் செய்த 1985 மாடல் 2 லிட்டர் டர்போ, பின்சக்கர இயக்க கார், வளைவிலிருந்து வெளியே வரும்போது வால் வீசுகிறது, அதாவது பின்பக்கம் வெளியே வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகப் பின் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினீர்களாமே, அதை முதலில் பழையபடி ஆக்குங்கள். பின்பக்கம் இறுக இறுக, வளைவில் பின் டயரின் பிடிதான் குறையும்.

என் கணிப்பில் கோளாறு எஞ்சினில். பவர் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: 3,500 ஆர்பிஎம் வரை தூங்கிவிட்டு, அப்புறம் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) செங்குத்தாக ஏறுகிறதா? 1973-ல் வந்த பி.எம்.டபிள்யூ 2002 டர்போவுக்கும் இதே குணம்தான். 170 குதிரைத்திறன், அதுவும் திடீரென்று. அந்தத் திடீர் விசையில்தான் பின் டயர் பிடியை இழக்கிறது. டர்போவில் எஞ்சின் புகையால் சுழலும் டர்பைனைச் சிறிதாக்குங்கள், டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட்டையும் கொஞ்சம் இறக்குங்கள். உச்சத்தில் சில குதிரைகள் ஓடிப்போகும், போகட்டும்.

அதற்குப் பிறகும் வழுக்கினால் முன் ஆன்ட்டி-ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இறுக்கத்தைச் சற்றே கூட்டி, பின்னதைக் குறையுங்கள். போட்டியில் விலை வரம்பு இருந்தால், அகலமான பின் டயர் கடைசி வழியாக இருக்கட்டும்; பட்ஜெட்டைத் தின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.