பிஸ்பிக்குள் 30 அடி மோட்டார் வீடு போகுமா?

அரிசோனாவின் பிஸ்பி பழைய நகருக்குள் 30 அடி மோட்டார் வீட்டை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பெரிய வண்டியை, ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். 1880இல் செம்புச் சுரங்கத்துக்காக மலை இடுக்கில் எழுந்த ஊர். அந்தத் தெருக்களில் உங்கள் வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. லாவெண்டர் சுரங்கப் பள்ளத்தை ஒட்டிய குயின் மைன் ஆர்வி பூங்காவில் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) முன்பதிவு செய்து நிறுத்திவிட்டு, நடந்தே இறங்குங்கள். குயின் சுரங்கத்துக்குள் சுற்றிப்பார்க்க ஸ்வெட்டர் அவசியம். கோடையிலும் உள்ளே சுமார் 8 டிகிரி செல்சியஸ்தான். ஊர் 5,000 அடிக்கு மேல் இருப்பதால், டிசம்பர் இரவில் தண்ணீர்க் குழாய் உறையக்கூடும். பக்கத்தில் உள்ள பழைய சுரங்க ஊரான டூம்ஸ்டோனுக்கு அரை நாள் போதும். அங்கே பயணிகளுக்காக நடித்துக் காட்டும் துப்பாக்கிச் சண்டை நாடகம் எனக்குக் கொஞ்சம் அதிகச் சத்தம். அங்கிருந்து வடக்கே 80ஆம் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் இருப்பதாகச் சொன்னீர்கள். பாஸ்போர்ட்டும் ஐ-94 தாளும் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.