மார்ஃபின் போட்ட பிறகு உயிர் போனால் பழி என் மேலா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கோவையிலிருந்து அனுப்பப்படும் கேன்சர் நோயாளிகள் கடைசியில் எங்கள் வார்டுக்குத்தான் வருகிறார்கள். நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் சி.பி.ஆர். செய்யத் தெரிந்த எனக்கு இவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ராத்திரி டாக்டரைக் கேட்டால் "ட்ரிப் போடுங்க சிஸ்டர்" என்கிறார். போன வாரம் ஒரு மகன், "எங்கம்மா பட்டினியாவா சாகணும்?" என்று அழுதார். மார்ஃபின் ஊசி போட்டு, அப்புறம் உயிர் போனால் பழி என் மேல்தானே?
— வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

அந்த டாக்டருக்கும் உங்களுக்கு இருக்கிற அதே பயம்தான். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மரணத்தை எதிர்கொள்வது பற்றிய வகுப்புகள் 2019-ல்தான் முறையாகச் சேர்ந்தன. அதற்கு முன் படித்தவர்களில் பலர் இதை யாரும் சொல்லித்தராமலே வார்டுக்கு வந்தவர்கள். தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கற்றுக்கொண்டு செய்யச் செய்யத்தான் அது வரும்.

முதலில் மார்ஃபின். வலிக்காக, டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுப்பது கருணைக்கொலை ஆகாது. இதுவரை மார்ஃபின் எடுக்காத வயதானவருக்கு 2.5 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10-க்கு இரட்டை அளவு கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. இடையில் வலி கிளம்பினால் ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில், வாய்வழி அளவில் பாதி. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். இதை மறந்துவிட்டு, நாலாம் நாள் வயிறு உப்பி நோயாளி துடிக்கும்போது 'மார்ஃபின் ஒத்துக்கவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

அளவு கூடினால் முதலில் தூக்கம் அதிகமாகும்; தட்டினாலும் எழமாட்டார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். கடைசி நாட்களில் மூச்சு வேகமாகி, அடங்கி, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்குவது மருந்தால் அல்ல, உடல் அடங்குவதால். இன்னொன்றையும் கவனியுங்கள்: சிறுநீர் குறைந்தபின் கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால், சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். அதை வலி என்று நினைத்து இன்னும் ஏற்றினால் இழுப்பு கூடும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கவோ இடைவெளியை 6, 8 மணி நேரமாக்கவோ வேண்டும்.

ட்ரிப் விஷயத்தில் அந்த மகனிடம், "சாப்பிடாததால அம்மா போகலைங்க. உடம்பு அடங்கிட்டு வர்றதால பசி நின்னுடுச்சு" என்று உட்கார்ந்து சொல்லுங்கள்; நின்றபடி சொன்னால் அது அவர் மனதில் ஏறாது. இந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக ஏற்றும் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும்தான் சேரும். தொண்டையில் களகளப்பும் கூடும். உலர்ந்த வாய்க்கு நனைத்த துணியால் இரண்டு மணிக்கொருமுறை துடைத்து, உதட்டில் வாஸ்லின் தடவச் சொல்லுங்கள். கையால் செய்ய ஒரு வேலை கிடைத்தால் அந்த மகனும் கொஞ்சம் ஆறுவார்.

களகளப்பு தொடங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சாதீர்கள். தொண்டை புண்ணாகிச் சளி இன்னும் ஊறும். ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. தோலுக்கடியில் போட்டால், இனி ஊறுவது குறையலாம். ஏற்கெனவே சேர்ந்ததை அது எடுக்காது. அதனால் சத்தம் கேட்டவுடனே போட வேண்டும். நோயாளி புரண்டு புரண்டு அலைந்தால், தூக்க ஊசிக்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்த மூத்திரப்பைகூடக் காரணமாக இருக்கும். ஒரு கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டால் அடங்கிவிடும்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நம் மலைக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு மூட்டினால் புகையில் மூச்சுத்திணறல் கூடும். கார்பன் மோனாக்சைடு கூட இருப்பவர்கள் உயிரையும் எடுத்துவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற அறையில் நெருப்பே ஆகாது. மூச்சு வாங்குபவருக்கு முகத்தில் படும்படி மெல்ல விசிறுவது நிஜமாகவே உதவும். 'சளி பிடிச்சுக்கும்' என்று பாட்டி தடுத்தால், உடம்புக்குக் கம்பளி போர்த்திவிட்டு முகத்துக்கு மட்டும் விசிறச் சொல்லுங்கள். மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பாட்டில் வைத்தால் சுட்டுக் கொப்பளிப்பதுகூட அவருக்குத் தெரியாது.

வாயில் பால் ஊற்ற வந்தால் தடுக்க வேண்டாம். ஸ்பூனுக்குப் பதில் பஞ்சில் நனைத்து உதட்டில் தொடச் சொல்லுங்கள். படுகர் வீடுகளில் வீரராய ஹணம் என்ற சிறிய பழைய பொற்காசை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. விழுங்க முடியாதவருக்கு அதைக் கையில் கட்டிவிடுவதும் உண்டு என்று பதிவாகியிருக்கிறது. பெரியவர்களிடம் பக்குவமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளக்கூடும்.

ராத்திரி பயம் தீர, பகலிலேயே டாக்டரிடம் 'தேவைப்பட்டால்' என்று நான்கு மருந்துகளுக்கு அளவோடும் இடைவெளியோடும் எழுதி வாங்கிவிடுங்கள்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாசோலம், குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், களகளப்புக்கு ஹையோசின். உங்கள் மருத்துவமனையில் மார்ஃபினே இல்லையென்றால் தலைமை மருத்துவரிடம் பேசுங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பின், பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்று போதும். டாக்டரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.