வாசகர் கேள்வி – பதில்: என் குழந்தைக்கு எந்தப் பொம்மை பொருந்தும்?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பெருமூளை வாதம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கைகளும் இறுகியே இருக்கின்றன. வலது கைக் கட்டைவிரல் எந்நேரமும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. சாய்த்து உட்கார வைத்தால் சிறிது நேரம் உட்காருவான். உறவினர்கள் கொடுத்தவையும் நாங்கள் வாங்கியவையுமாகப் பேசும் கரடி, விளக்கெரியும் ரயில் என்று ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பொம்மைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நாங்கள்தான் இயக்கிக் காட்டுகிறோம். அவனோ சற்று நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லையா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘நாங்கள்தான் இயக்கிக் காட்டுகிறோம்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியில்தான் சிக்கலே இருக்கிறது. வேறொருவர் இயக்கும் பொம்மை எந்தக் குழந்தைக்கும் வேடிக்கைதான், விளையாட்டு ஆகாது. தன் கை பட்டதால்தான் அது அசைந்தது, தான் தட்டியதால்தான் அது ஒலித்தது என்று குழந்தை உணரும்போதுதான் மறுபடியும் கையை நீட்டத் தோன்றும். ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மகனால் எந்த அசைவைத் தானாகச் செய்ய முடிகிறது என்று பாருங்கள். இடது கையை மேசைமீது பக்கவாட்டில் இழுக்க முடிகிறதா, முழங்கையால் இடிக்க முடிகிறதா, தலையை ஒரு பக்கம் சாய்க்க முடிகிறதா, காலால் உதைக்க முடிகிறதா? அந்த ஓர் அசைவுக்குப் பதில் சொல்லும் பொம்மைதான் இப்போதைக்கு அவனுக்கு ஏற்ற பொம்மை.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது, அவன் உட்காரும் விதம். உடல் சாய்ந்துவிடுமோ என்ற தவிப்பிலேயே அவனுடைய பலமெல்லாம் போய்விட்டால், கையை நீட்ட எதுவும் மிஞ்சாது. இடுப்பு பின்னால் ஒட்டி, முழங்கால்கள் மடங்கி, பாதங்கள் தரையிலோ ஒரு பலகையிலோ பதியும்படி உட்கார வைத்து, முழங்கை உயரத்தில் முன்னால் ஒரு பலகை வையுங்கள். சிகிச்சை மையங்களில் கார்னர் சேர் என்று ஒன்று இருக்கும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையைப் போன்ற அதன் முதுகுப்பகுதி தோள்கள் பின்னுக்குப் போகாமல் தடுத்துக் கைகளை முன்னால் கொண்டுவரும். அளவு கொடுத்தால் உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். உட்கார்ந்து களைத்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பொம்மையை மார்புக்கு நேரே வைக்கலாம். அந்த நிலையில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று எளிதாகச் சந்திக்கும். மடங்கிய விரல்களை வலிந்து விரிக்க வேண்டாம். மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் சற்றுத் தளரும். இதை உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி பொம்மைகளுக்கு வருகிறேன். பிடிக்க முடியாத குழந்தைக்குத் தட்டினாலே போதும் என்கிற பொம்மைகள் வேண்டும். தஞ்சாவூரின் ராஜா ராணி பொம்மையைப் போல அடி கனத்து, எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும் பொம்மை இதற்கு மிகவும் ஏற்றது: விரல்கள் மூடியிருந்தாலும் கைமுட்டி பட்டாலே ஆடும், உருண்டோடிவிடாமல் அவன் முன்னாலேயே திரும்பி நிற்கும். பொருள்களை வாயில் வைக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால், வண்ணம் பூசிய மண் பொம்மைக்குப் பதில் அதே அமைப்பில் வரும் பிளாஸ்டிக் பொம்மையை வாங்குங்கள். பனையோலைக் கிலுகிலுப்பையும் நல்லது. எடையே இல்லாததால் பலவீனமான கையிலும் நிற்கும். ஆனால் ஓலை பிரிந்து முனை குத்தத் தொடங்கியதும், உள்ளே இருக்கும் கற்கள் வெளியே வருவதற்குள், அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிடி மெல்லியதாக இருக்கும் கிரேயான், கரண்டி போன்றவற்றுக்குச் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிவிட்டால் பிடி தடிமனாகிவிடும். பொம்மையின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுவது சிறிய வேலைதான். ஒவ்வொரு முறை தொடும்போதும் பொம்மை நகர்ந்து ஓடினால், குழந்தை சீக்கிரமே முயற்சியைக் கைவிட்டுவிடும்.

உங்கள் அட்டைப்பெட்டியில் இருக்கும் ரயிலையும் கரடியையும் வீணாக்க வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடுகிற, ஒரே ஒரு ஆன்–ஆஃப் சுவிட்ச் கொண்ட பொம்மையாக இருந்தால், பேட்டரிக்கும் அது தொடும் உலோகத் தகட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய மெல்லிய வில்லை ஒன்றைச் செருகி, அதன் இரு பக்கங்களிலிருந்தும் வரும் கம்பிகளை, தேநீர்த் தட்டு அகலமுள்ள பெரிய பொத்தான் சுவிட்ச் ஒன்றில் இணைத்துவிடலாம். பொம்மையின் சுவிட்ச் எப்போதும் ஆன் நிலையில் இருக்கும். ஆனால் உங்கள் மகன் அந்தப் பெரிய பொத்தானின்மேல் கையையோ கன்னத்தையோ அழுத்தும்போது மட்டும்தான் ரயில் ஓடும். வெளிநாடுகளில் இத்தகைய சாதனங்கள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. விலைதான் கொஞ்சம் திகைக்க வைக்கும். மொபைல் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் விளக்கிச் சொன்னால் இதை அவரே செய்து கொடுத்துவிடுவார். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பொருளிலும் இதைச் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பெருமூளை வாதமுள்ள குழந்தைகள் பலருக்குக் கண் நன்றாக இருந்தும், கண் அனுப்புவதை மூளை புரிந்துகொள்வதில் குறை இருப்பதுண்டு. அவர்களுக்குப் பல வண்ணங்களும் விளக்கும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் திகட்டிவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வது அதனாலும் இருக்கலாம். கறுப்புத் துணியின்மேல் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பொருளை வைத்து, லேசாக அசைத்துவிட்டு, பேசாமல் காத்திருங்கள். நமக்கு மிக நீண்டதாகத் தோன்றும் அந்த இடைவெளி அவனுக்குத் தேவைப்படுகிறது. வலிப்பு வந்திருக்குமானால், விட்டுவிட்டு மின்னும் விளக்குள்ள பொம்மைகளைக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளுக்கு ஆட்டிசம். எந்தக் காரைக் கொடுத்தாலும் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கி வைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் ‘ஆட்டிசம் பொம்மைத் தொகுப்பு’ என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள், வாங்கலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: பிடுங்காதீர்கள், வாங்கவும் வேண்டாம். ஆட்டிசத்துக்கென்று தனி பொம்மை கிடையாது. அந்தத் தொகுப்பில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பொம்மைக் கடையில் தனித்தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவை, பெயர்ப்பலகைக்குத்தான் கூடுதல் பணம். சுழல்வது அவளுக்குப் பிடிக்கிறது என்ற நல்ல தகவல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாவி கொடுத்தால் சுற்றும் பம்பரம், பற்சக்கரங்களைக் கோத்துச் சுழற்றும் பலகை, காற்றாடி ஆகியவற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருங்கள். பம்பரத்தை நீங்கள் சுற்றிவிட்டு, அது விழுந்ததும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால், அடுத்த சுற்றுக்காக அவள் உங்கள் முகத்தையோ கையையோ பார்ப்பாள். அந்தப் பார்வை வந்த கணமே சுற்றிவிடுங்கள். ‘என் முறை, உன் முறை’ என்ற பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. சத்தமிடும் பொம்மைக்குக் காதைப் பொத்திக்கொண்டாள் என்றால், ஒலி வரும் துளைகளின்மேல் செல்லோடேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். பெட்டியில் 3+ என்று போட்டிருப்பதை அவனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் அல்லவா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவன் இன்னும் பொருள்களை வாயில் வைக்கிறானா என்பதைப் பொறுத்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் சிறிய பாகங்கள் தொண்டையில் சிக்கும் ஆபத்தைக் குறிப்பது. அறிவின் அளவைக் குறிப்பதன்று. பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் வாயில் வைக்கும் குழந்தைக்கு ஆகாது, வயது ஆறானாலும் பத்தானாலும். சொப்புச் சாமான்களில் பாதி இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும். அவற்றைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, பொத்தான் பேட்டரி; விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். மற்றொன்று, ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள். குடலின் இரு மடிப்புகளை ஒட்ட வைத்துத் துளைத்துவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களின் தயாரிப்புகளுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: ஒரு பொம்மை பொருந்துமா என்று தெரிந்துகொள்ளவே பணம் கரைந்துவிடுகிறது. வாங்காமல் பார்க்க வழி இல்லையா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் மாவட்டத்தில் அரசின் ஆரம்பகால இடையீட்டு மையம் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் இடம்) எங்கே இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் நடப்பது, கட்டணம் இல்லை. குழந்தையின் கை அசைவை அங்குள்ள தெரபிஸ்ட் மதிப்பிட்டுச் சொன்னால் வீண்செலவு பாதியாகக் குறையும். சென்னைப் பக்கம் வர முடிந்தால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பொம்மைகளை இரவல் கொடுக்கும் நூலகத்தை 1963இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியவர்களும் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர்தாம். உங்கள் சிகிச்சை மையத்தில் வாரந்தோறும் காத்திருக்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்தாலே அதைச் செய்யலாம்: வீட்டுக்கு இரண்டு பொம்மைகள், ஒரு நோட்டுப் புத்தகம், மாதம் ஒருமுறை மாற்று. திருப்பித் தரும்போது பேட்டரியைக் கழற்றி, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.