கணினி கேள்வி–பதில்: ஹாஷ் அட்டவணையில் பதிவு எங்கே போனது?

எங்கள் பகுதிக் கமக்காரர்கள் 6,000 பேரின் பசளை விபரத்தைக் கணினியில் ஏற்றியுள்ளோம். தேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை வைத்து 1,000 அறைகள் உள்ள ஹாஷ் அட்டவணை ஒன்று எழுதினோம். ஒருவரின் பதிவை எடுக்கவே சுணங்குகிறது. ஏன்?
– வாசகர், பரந்தன்

ஹாஷ் அட்டவணை என்பது, பதிவின் எண்ணையோ சொல்லையோ வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதன் விடை காட்டும் அறையில் பதிவை வைக்கும் முறை; தேடும்போதும் நேரே அந்த அறைக்கே போகலாம். நீங்கள் தெரிவு செய்த அந்த மூன்று இலக்கங்கள்தான் காரணம். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பிறகு நான்கு வரிசை இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் மூன்றை மட்டும் எடுத்தால் 1940 முதல் 2009 வரை பிறந்த அத்தனை பேரும் 194 தொடக்கம் 200 வரையான ஏழே அறைகளுக்குள் நெருக்குப்படுவார்கள். மிச்சம் 993 அறைகளும் வெறுமையாகக் கிடக்கும். ஓர் அறைக்குச் சராசரி 857 பேர், ஒருவரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 430 ஒப்பீடு. பெயர்களை எண் வரிசைப்படி அடுக்கிப் பாதி பாதியாகத் தேடியிருந்தால்கூட 13 ஒப்பீட்டில் முடிந்திருக்கும்!

செய்ய வேண்டியது இது. முழு எண்ணையும் எடுத்து 8009 ஆல் வகுங்கள், மீதிதான் அறை. 8009 ஒரு முதன்மை எண். 6,000 பதிவுக்கு நிரப்பு விகிதம், அதாவது பதிவுகளை அறைகளால் வகுத்தால் வருவது, 0.75 அளவில் நிற்கும். ஒரே அறைக்கு வருபவர்களை ஒரு சங்கிலிப் பட்டியலில் தொடுத்துவிட்டால், இருக்கும் பதிவொன்றை எடுக்கச் சராசரி ஒன்றரை ஒப்பீடுகூடத் தேவைப்படாது. கணக்குச் சுலபம் என்று 10,000 ஆல் வகுக்க வேண்டாம். மீதி வெறும் கடைசி நான்கு இலக்கமாகிவிடும். பிறந்த ஆண்டும் நாளும் அறையைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கவே மாட்டா.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, பழைய ஒன்பது இலக்க அட்டை. அதே ஆள் இரண்டு எண்ணிலும் பதியப்பட்டால் இரண்டு பேராகிவிடுவார். ஏற்றும்போதே மாற்றுங்கள்: இலக்கங்களுக்குப் பின்னால் உள்ள ஆங்கில எழுத்தை நீக்கி, முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 நுழைத்து, மீதி நான்கையும் அப்படியே எழுதினால் 12 இலக்கம் வந்துவிடும். மற்றது, 12 இலக்க எண் 32 பிட் மாறியில் கொள்ளாது. அதன் எல்லை 2,147,483,647. மீறினால் எண் உருமாறி மீதி மறைப்பெறுமானமாகவும் வரலாம், அப்படி ஓர் அறை அட்டவணையில் இல்லை. 64 பிட் மாறி வையுங்கள்.

உயர்தரச் செயற்றிட்டத்துக்கு ஹாஷ் அட்டவணை எழுதினேன். மோதல் வந்தால், அதாவது இரண்டு பதிவுக்கு ஒரே அறை வந்தால், அடுத்த வெற்று அறையில் போடுகிறேன். ஒரு பதிவை அழித்தால் தொடர்பே இல்லாத இன்னொரு பதிவும் காணாமல் போகிறது.
– மாணவி, ஒட்டுசுட்டான்

தொடர்பு இருக்கிறது, தங்கச்சி. ஒரு கொப்பித்தாளில் 0 முதல் 10 வரை 11 அறைகள் கீறுங்கள். ஹாஷ் சார்பு, அதாவது அறையைத் தீர்மானிக்கும் கணக்கு: எண்ணை 11 ஆல் வகுத்த மீதி. 214 ஐப் போட்டால் மீதி 5, அறை 5. 325 இன் மீதி 6, அறை 6. அடுத்து 137, மீதி மறுபடி 5. அங்கே 214 இருக்கிறது, 6 இல் 325 இருக்கிறது, ஆகவே 137 அறை 7 இல் போய் உட்காரும். இப்போது 325 ஐ அழித்து அறை 6 ஐ வெறுமையாக்குங்கள். பிறகு 137 ஐத் தேடுங்கள். 5 இல் 214, அது இல்லை. 6 வெறுமை. வெற்று அறையைக் கண்டால் தேடலை நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி, அதனால் நிரல் 'இல்லை' என்று சொல்லிவிடும். 137 பத்திரமாக 7 இல் இருக்கிறது, போகும் பாதைதான் அறுந்துவிட்டது.

எனவே அழித்த அறையை வெறுமையாக்காமல் 'அழிக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் வையுங்கள். தேடும்போது அதைத் தாண்டிப் போக வேண்டும். புதிதாகச் சேர்க்கும்போது அந்த அறையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதே எண் பின்னால் எங்காவது இருக்கிறதா என்று வெற்று அறை வரை பார்த்த பிறகுதான்.

இந்த அடையாளங்களும் இடத்தைப் பிடிக்கும் என்பதால் நிரப்பு விகிதத்தில் அவற்றையும் எண்ணுங்கள். அடுத்தடுத்த அறையைப் பார்க்கும் இந்த முறையில், இல்லாத ஒன்றைத் தேட அரைவாசி நிரம்பிய அட்டவணையில் சராசரி 2.5 அறை பார்க்க வேண்டும். 75 சதவீதத்தில் 8.5. 90 சதவீதத்தில் 50.5! முக்கால்வாசி நிரம்புமுன் பெரிதாக்கிவிடுங்கள். பெரிதாக்கும்போது அறைகளை அப்படியே பிரதி பண்ணக் கூடாது. 23 அறையாக்கினால் 214 அறை 7 க்கும், 137 அறை 22 க்கும் போகும். ஒவ்வொன்றையும் புதிதாக வகுத்துத்தான் வைக்க வேண்டும். அழிக்கப்பட்ட அடையாளங்களும் அந்த வேளையில் ஒழிந்துவிடும்.

எங்கள் நூலகப் பட்டியலில் 'கிளிநொச்சி' என்று தேடினால் சில புத்தகங்கள் மட்டும் வருகின்றன. வராதவற்றிலும் அதே சொல் திரையில் தெரிகிறது.
– வாசகர், மல்லாவி

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடில் 'நொ' வை இரண்டு விதமாக எழுதலாம்: ந வுடன் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ந வுடன் ஒற்றைக் கொம்பு தனியாக, கால் தனியாக. திரையில் துளி வித்தியாசமும் தெரியாது. நீளத்தை அளந்து பாருங்கள்: முதலாவது வகையில் 'கிளிநொச்சி' 10 குறிகள், இரண்டாவதில் 11. ஹாஷ் சார்பு பார்ப்பது குறிகளைத்தான், ஆகவே இரண்டும் வெவ்வேறு அறைக்குப் போகும்.

மருந்து, இப்படி இரண்டு விதமாக எழுதியவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், என்எஃப்சி எனப்படும் யூனிகோடு இயல்பாக்கம். பைத்தான், ஜாவா இரண்டிலும் அதற்கான சார்பு தயாராக இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. முன்பின் இடைவெளிகளையும் அதோடு வெட்டிவிடுங்கள். பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பட்டியல் என்றால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே; முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகு இயல்பாக்குங்கள்.

இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் உண்டு. 'மௌனம்' என்பதைச் சிலர் ஒற்றைக் கொம்பு, ம, ள என்று தட்டியிருப்பார்கள். அது ஔகாரமே அல்ல, வேறு எழுத்து. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போனால் 'கெளிறு' மீனும் கெட்டுப்போகும். இந்தச் சொற்களைப் பட்டியல் எடுத்து, கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

2 ஏக்கர் முதல் 5 ஏக்கர் வரை வயல் உள்ளவர்களை ஹாஷ் மூலம் எடுக்கலாமா?
– வாசகர், நெடுங்கேணி

முடியாது. ஹாஷ் வரிசையைக் குலைத்துவிடும். 2 க்கு அடுத்த அறையில் 3 இருக்காது. சரியாக இந்த எண் யாருடையது என்ற கேள்விக்குத்தான் அது. இடைப்பட்ட அளவுக்கும் அகரவரிசைக்கும், பெறுமானங்களை வரிசைப்படி வைத்திருக்கும் பி-மரச் சுட்டியை வையுங்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் சாதாரணமாக அதையே உருவாக்கும்.

பைத்தானில் பெயரின் ஹாஷ் பெறுமானத்தைக் கோப்பில் எழுதி வைத்தேன். நிரலை மறுபடி ஓட்டினால் அதே பெயருக்கு வேறு பெறுமானம்.
– மாணவர், புதுக்குடியிருப்பு

பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. பைத்தான் 3.3 முதல் சொற்களின் ஹாஷ் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மாறும். ஒரே அறையில் விழும் சொற்களாகத் திட்டமிட்டு அனுப்பி ஒரு சேவையகத்தை முடக்குவதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. கோப்பில் நிலைக்க வேண்டுமானால், ஒரே சொல்லுக்கு எப்போதும் ஒரே பெறுமானம் தரும் ஷா-256 என்ற ஹாஷ் சார்பைப் பயன்படுத்துங்கள். பெயரை முதலில் இயல்பாக்கி, யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கிக் கொடுங்கள். கடவுச்சொல்லுக்கு மட்டும் ஷா-256 ஐத் தனியே பாவிக்க வேண்டாம். அது மிக வேகமானது, கள்ளனுக்கும் அதே வேகம் கிடைக்கும். அதற்கென்றே மெதுவாகச் செய்யப்பட்ட ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் இருக்கிறது.