அந்தக் கற்பனை வருவதால் நான் போலியா?

மேடம்,

எனக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. திருமணமாகி 11 வருடம். கணவர் எதையும் என் விருப்பம் கேட்டே செய்பவர்.

நான்சி ஃப்ரைடே என்ற அமெரிக்கப் பெண், மற்ற பெண்கள் பெயர் சொல்லாமல் எழுதிய பாலியல் கற்பனைகளைத் தொகுத்து 1973-இல் வெளியிட்ட புத்தகத்தைப் போன வாரம் படித்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு. ஓர் ஆணுக்கு அடங்கிப்போகும் கற்பனையைப் படித்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. கல்லூரி நாளிலிருந்து என் மனதிலும் அப்படித்தான் வருகிறது. வகுப்பில் பெண்பிள்ளைகளிடம், "யாருக்கும் அடங்கிப்போகாதீங்க" என்று சொல்பவள் நான். அப்படியென்றால் பெண்ணின் இயல்பே அதுதானா? நான் பேசுவதெல்லாம் வேஷமா? கணவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

- பெயர் வேண்டாம், மதுரை

அன்புச் சகோதரிக்கு,

வேஷம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அது உங்களுக்குப் பொருந்தாது.

கனடாவின் கியூபெக்கில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எடுத்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. தன்னை ஒருவர் அடக்கி ஆள்வதாகக் கற்பனை வந்ததுண்டு என்று பெண்களில் சுமார் 65 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆண்களில் சுமார் 53 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் வருகிறது. அதை வைத்து, ஆணின் இயல்பே அடங்கிப்போவதுதான் என்று யாராவது சொல்வார்களா? பெண் என்றால் மட்டும் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். இன்னொன்று, இப்படிக் கற்பனை வரும் பெண்களில் பலர், நிஜத்தில் அது நடக்க வேண்டாம் என்றும் அந்த ஆய்வில் தெளிவாகச் சொன்னார்கள்.

ஆசைப்படுவதே தப்பு என்று வளர்க்கப்பட்ட பெண், பழியை அடுத்தவர்மேல் போட்டுவிட்டு இன்பத்தை மட்டும் அனுபவிக்க இப்படிக் கற்பனை செய்கிறாள் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. காமத்தைப் பற்றிக் குற்றவுணர்வு குறைவாக உள்ள பெண்களுக்கே இது அதிகம் வருவதாகப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. சரி, காரணம் எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் கற்பனையில் அந்த ஆண் யார், எப்போது வர வேண்டும், எதோடு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில். வேண்டாம் என்று நினைத்தால் அந்த நொடியே கலைந்துவிடும். நிஜத்தில் அடக்கப்படும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. பிள்ளைகளிடம் நீங்கள் பேசுவது அவளுக்காக. அதைத் தயங்காமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கணவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. சொல்லத் தோன்றினால், படுக்கையறையில் வேண்டாம். மாலையில் காபி குடிக்கும்போது, "இப்படி ஒரு புத்தகம் படிச்சேன்" என்று ஆரம்பியுங்கள். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அப்புறம் மேலே பேசலாம்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. எப்போதோ உண்மையில் நடந்த ஒன்றுதான் இப்படித் திரும்ப வருகிறதா? வரும்போது இன்பத்துக்குப் பதில் பயமோ அருவருப்போ ஏற்படுகிறதா? ஆமாம் என்றால் தனியாகச் சுமக்காதீர்கள், நேரில் வாருங்கள்.