வாசகர் கேள்வி-பதில்: ஹெக்ஸேன் போட்டு எடுத்த எண்ணெயை நம்பி சாப்பிடலாமா?

கேள்வி: அக்கா, எங்க தாமான் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துது. கடையில விக்கிற சோயா எண்ணெய், சன்ஃப்ளவர் எண்ணெய் எல்லாம் பெட்ரோல் ஊத்தி எடுக்கிறாங்களாம், சாப்பிட்டா நரம்பு போயிடுமாம். எங்கம்மா புது போத்தலையே தூக்கிப் போடச் சொல்றாங்க. உண்மையா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: போடாதீங்கம்மா. மெசேஜ்ல பாதி உண்மை இருக்கு, அதான் இவ்ளோ வேகமா சுத்துது. ஊத்துறது பெட்ரோல் இல்ல, ஹெக்ஸேன். அதுவும் கச்சா எண்ணெயிலேர்ந்து பிரிச்சு எடுக்கிறதுதான், பெட்ரோல்லயும் கொஞ்சம் இருக்கும், அந்த ஒரு விஷயத்தை வெச்சுக்கிட்டுதான் மிச்சக் கதையைக் கட்டிட்டாங்க.

ஏன் ஊத்துறாங்கன்னு கேளுங்க. கடலையிலயும் எள்ளுலயும் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், செக்குல போட்டு ஆட்டினாலே கொட்டும். சோயாவுல 100 கிலோவுக்கு 18லேர்ந்து 20 கிலோதான் எண்ணெய் இருக்கு, அதை மெஷின்ல எவ்ளோ நெருக்கிப் பிழிஞ்சாலும் புண்ணாக்குல 6, 7 சதவீதம் தங்கிடும், அதாவது இருக்கிற எண்ணெயில மூணுல ஒரு பங்கு கிட்ட மாட்டுக்கும் கோழிக்கும் போயிடும். ஹெக்ஸேன்ல கழுவினா மிஞ்சறது 1 சதவீதத்துக்கும் கீழ.

சோயாவை உடைச்சு, தோலை ஊதித் தள்ளி, லேசா சூடாக்கி, ரோலர்ல விட்டு நசுக்குவாங்க. வெளிய வர்றப்போ அவல் மாதிரி இருக்கும், கனம் வெறும் 0.3 மில்லிமீட்டர். அது மேல ஹெக்ஸேனை திரும்பத் திரும்ப ஊத்தி வடிய விடுவாங்க, அதுல ஒரு அழகான கணக்கு இருக்கு: புத்தம்புது சால்வென்ட், அதாவது எண்ணெயைக் கரைச்சு எடுக்கிற ஹெக்ஸேன், போய் சேர்றது எண்ணெய் ஏற்கெனவே போன, கடைசியில நிக்கிற அவலுக்கு, எண்ணெய் ஏறிப்போன சால்வென்ட் வந்து சேர்றது இப்பதான் உள்ள நுழைஞ்ச அவலுக்கு, ரெண்டும் எதிரெதிரா நடக்கும். அதனாலதான் கொஞ்சம் ஹெக்ஸேன்ல அவ்ளோ எண்ணெயும் வந்துடுது.

அப்புறம் அந்த ஹெக்ஸேன் எங்க போகுதுங்கிறதுதான் உங்க அம்மாவோட பயம். அது 69 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும். முதல்ல சூடாக்கி ஆவியாக்கி, திரும்பக் குளிர வெச்சு அடுத்த சோயாவுக்கு எடுத்துக்குவாங்க, காசு போட்டு வாங்கின சாமானாச்சே, வீணா விட மாட்டாங்க. மிச்சத்தை வேக்குவத்துல, அதாவது காத்தை உறிஞ்சி எடுத்த டேங்குல, நீராவி விட்டு விரட்டுவாங்க. அதுக்கப்புறம் சுத்திகரிப்புல கடைசியா வாடை எடுக்கிற இடத்துல 230, 250 டிகிரி வரைக்கும் போகும், திரும்பவும் வேக்குவம், திரும்பவும் நீராவி. ஐரோப்பாவுல ஒரு கிலோ எண்ணெயில 1 மில்லிகிராமுக்கு மேல ஹெக்ஸேன் இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நரம்புக்கு ஆபத்துங்கிறது மூச்சுல மாசக்கணக்கா இழுக்கிறவங்களுக்கு, அதைக் கடைசிக் கேள்வியில சொல்றேன்.

இன்னொண்ணு, செக்கு எண்ணெய்னாலே சுத்தம்னு நினைக்க வேணாம். மணத்துக்கு எனக்கும் அதுதான் பிடிக்கும், இட்லிப் பொடிக்கு வேற எண்ணெய் ஊத்தவே மாட்டேன். ஆனா பூஞ்சை பிடிச்ச கடலையை ஆட்டினா அஃப்லாடாக்சின்ங்கிற விஷம் கொஞ்சம் எண்ணெயோட வரும், அது கல்லீரலுக்கு ஆகாது. சுத்திகரிச்ச எண்ணெயில அது போயிடும், செக்குல ஆட்டினதுல போகாது. அதனால கடலையைப் பாத்து வாங்குற ஆளா தேடிப்பிடிச்சு அவங்ககிட்ட வாங்குங்க.

கேள்வி: அப்போ நம்ம செம்பனை எண்ணெயும் (பாமாயில்) இப்படித்தானா?
- வாசகர், செந்தூல்

பதில்: இல்லைங்க. குலையை நீராவியில வேக வெச்சு, பழத்தைப் பிரிச்சு, ஸ்க்ரூ பிரஸ்ல பிழியறாங்க, அவ்ளோதான். பழத்துச் சதையில எண்ணெய் அவ்ளோ இருக்கு, சால்வென்ட் தேவையே இல்ல. 2 வெள்ளி 50 காசு பாக்கெட்டுல வர்றதும் அப்படிப் பிழிஞ்ச எண்ணெயை சுத்திகரிச்சு, குளிர வெச்சு, கெட்டிப்படுறதை வடிகட்டினதுதான். உள்ள இருக்கிற கொட்டைப் பருப்பையும் பெரும்பாலும் பிழியத்தான் செய்றாங்க, சில ஆலைங்கள்ல மட்டும் சால்வென்ட். செம்பனையில கவனிக்க வேண்டியது வேற: வாடை எடுக்கிறப்போ சூடு ரொம்ப ஏறினா கிளைசிடில் எஸ்டர்னு உடம்புக்கு ஆகாத ஒண்ணு உருவாகுது, 2018லயே ஐரோப்பா அதுக்கு வரம்பு வெச்சிடுச்சு, ஆலைங்களும் சூட்டைக் குறைச்சுக்கிட்டு வராங்க.

கேள்வி: அக்கா, நாங்க சைவம். பசங்களுக்கு புரோட்டீன் வேணும்னு வாரத்துக்கு ரெண்டு நாள் மீல் மேக்கர் செய்றேன். அது எண்ணெய் எடுத்த சக்கைதான், மாட்டுத் தீவனம்னு என் நாத்தனார் சொல்றாங்க. கஷ்டமா இருக்கு.
- வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கஷ்டப்படாதீங்க, நல்ல சாப்பாடுதான் போடுறீங்க. எண்ணெய் எடுத்த மிச்சம்ங்கிறது சரி, ஆனா சோயாவோட புரோட்டீன் இருக்கிறதே அந்த மிச்சத்துலதான். எண்ணெய் போனதும் புரோட்டீன் அங்க 50 சதவீதத்துக்கு வந்து நிக்குது.

தீவனத்துக்குப் போறதும் உங்க சட்டிக்கு வர்றதும் ஒரே அவல்லேர்ந்து பிரியுதுங்க. தீவனத்துக்குன்னா ஹெக்ஸேனை விரட்டுற கையோட நல்லா வறுத்துடுவாங்க, பச்சை சோயாவுல செரிமானத்தைக் கெடுக்கிற ஒரு சமாச்சாரம் இருக்கு, அது சூட்டுல சாகணும். மனுசன் சாப்பாட்டுக்குன்னா சட்டுனு சில நொடி சூட்டுல ஹெக்ஸேனை மட்டும் கிளப்பிட்டு வெள்ளையாவே எடுத்துக்குவாங்க, ரொம்ப வறுத்தா புரோட்டீன் தண்ணியில கரையாமப் போயிடும். அதை மாவாக்கி, சூட்டுலயும் அழுத்தத்துலயும் மெஷின் வழியா தள்ளினா வெளிய வர்றப்போ பொரிஞ்சு உப்பும், அதுதான் மீல் மேக்கர். ஜிம் பசங்க குடிக்கிற சோயா புரோட்டீன் பவுடரும் அந்த வெள்ளை அவல்தான், காரம் (அல்கலி) கலந்த தண்ணியில கரைச்சு, அமிலம் சேர்த்து பி.எச்.ங்கிற புளிப்பு அளவை 4.5க்குக் கொண்டு வந்தா தயிர்க்கட்டி போல திரிஞ்சு அடியில தங்கும், அதைக் காய வெச்சா 90 சதவீதம் புரோட்டீன்.

காய்ஞ்ச மீல் மேக்கர் 30 கிராம் எடுத்தா 15 கிராம் புரோட்டீன், ஊற வெச்சப்புறம் எடை போட்டுப் பாத்து ஏமாறாதீங்க. வெந்நீர்ல ஊற வெச்சு ரெண்டு தடவை பிழிஞ்சிட்டு மசாலாவுல போடுங்க. கடையில ஃப்ரோசனா விக்கிற சைவ மட்டன் வேற, அதுல கோதுமை புரோட்டீன், உப்பு, சிலதுல முட்டை வெள்ளை கூட இருக்கும், கவரைத் திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க.

கேள்வி: தங்கச்சி, என் மகன் டிப்ளோமா முடிச்சிட்டு சோயா ஆலையில வேலைக்குப் போறான், சால்வென்ட் பிளாண்டாம். வாட்ஸ்அப்ல நரம்பு அது இதுன்னு வருது, தூக்கமே இல்ல. போகச் சொல்லவா வேணாமா?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அக்கா, போகட்டும், ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுப் போகட்டும். சாப்பிடுறவங்களை விட அங்க நிக்கிற பசங்களைப் பத்தித்தான் நாம பேசணும், யாரும் பேசறதில்ல.

முதல் ஆபத்து தீ. ஹெக்ஸேன் ஆவி காத்தை விட மூணு மடங்கு கனம், தரையோட ஊர்ந்து போய் கால்வாய்ல தங்கும், ஒரு பொறி போதும். 1981 பிப்ரவரியில அமெரிக்காவுல லூயிவில் நகரத்துல ஒரு சோயா ஆலையிலேர்ந்து ஹெக்ஸேன் சாக்கடையில இறங்கி, விடியறதுக்கு முன்னாடி ஒரு காரோட பொறி பட்டு ரோட்டுக்கு அடியில வரிசையா வெடிச்சுது, தெருத்தெருவா பள்ளமாயிடுச்சு. போன், லைட்டர், சாதாரண டார்ச்லைட் எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு சொன்னா சலிச்சுக்க வேணாம்.

ரெண்டாவதுதான் நரம்பு. மாசக்கணக்கா மூச்சுல போனா உடம்பு அதை வேற ஒரு விஷமா மாத்திடும், கால் விரல், கை விரல் நுனியில மதமதப்பு ஆரம்பிக்கும், அப்புறம் கால் தள்ளாடும். 2009 வாக்குல சீனாவுல சுச்சோ நகரத்துல போன் ஸ்கிரீனை ஹெக்ஸேன் போட்டுத் துடைச்ச தொழிலாளிங்களுக்கு இப்படித்தான் ஆச்சு. அது காத்தோட்டம் இல்லாத ரூம்ல திறந்து வெச்சுத் துடைச்சது, சோயா ஆலையில எல்லாம் மூடின பைப்புக்குள்ள ஓடும். ஆபத்து வர்றது சாம்பிள் எடுக்கிறப்போ, வால்வு கழட்டுறப்போ, சுத்தம் பண்ண டேங்குக்குள்ள இறங்குறப்போ.

அதனால மகன் இதைக் கேக்கட்டும்: கெமிக்கல் ரிஸ்க் அசெஸ்மென்ட் செஞ்சிருக்காங்களா, காத்துல ஹெக்ஸேன் என்ன அளவு வந்திச்சு, கேஸ் மீட்டர் கையில தருவாங்களா, டேங்குக்குள்ள இறங்க பெர்மிட்டும் வெளிய நிக்க ஒரு ஆளும் உண்டா. வாடை வரலைங்கிறதை வெச்சு காத்து சுத்தம்னு நம்பவே கூடாது, மூக்கு சீக்கிரமே பழகிடும். விரல் மதமதன்னு இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை செய்யாம உடனே கிளினிக் போய் ஹெக்ஸேன்ல வேலைன்னு வாயைத் திறந்து சொல்லணும், ஏன்னா ஆலையை விட்டு வந்தப்புறமும் கொஞ்ச நாள் அது கூடிட்டுத்தான் குறையும். தொழில்ல வந்த நோய்க்கும் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உண்டு. பாதுகாப்பு சரியில்லன்னா வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசாங்க இலாகா ஜேகேகேபியில புகார் கொடுக்கலாம். ஹெக்ஸேனுக்குப் பதிலா 2-மெத்தில்ஆக்சோலேன்னு செடிகொடிக் கழிவுலேர்ந்து செய்யக்கூடிய சால்வென்ட் ஒண்ணை ஐரோப்பா 2023ல அனுமதிச்சிருக்கு, அதுவும் தீப்பிடிக்கும்தான், ஆனா ஹெக்ஸேன் மாதிரி நரம்பைத் தாக்குறதா தெரியல. அது நம்ம பக்கம் வர்ற வரைக்கும் மீட்டரும் பெர்மிட்டும்தான் மகனுக்குக் காவல், முதல் நாளே கேட்டு வாங்கச் சொல்லுங்கக்கா.